படகில் மிஞ்சிய எண்ணெய்

மழைக்கு வக்கில்லாத சீமையில் மோட்டார் படகு வாங்கிய மனுஷன் ஒருத்தர் உண்டென்றால், அது பட்டாசுக் கம்பெனி சீனிவாசகம்தான். திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் நடுவே ரோட்டை ஒட்டி அவருடைய கம்பெனி. நாற்பது பெண்களும் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் வேலை பார்க்கிற இடம். ஒரு வருஷம் ஐப்பசியில் அடைமழை கொட்டி, ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்தது. எப்போதாவது நடக்கிற அதிசயம். ஊர்க்காரர்கள் எல்லாரும் விதைநெல் தேடி ஓடினார்கள். சீனிவாசகம் தூத்துக்குடிக்கு ஓடினார். பின்னால் மோட்டார் மாட்டிய படகு ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, சரக்கெடுக்க வந்த வடக்கத்தி வியாபாரிகளை அதில் உட்கார வைத்துக் கண்மாயைச் சுற்றிக் காட்டினார். கரையில் நின்ற ஜனம் கைதட்டியது. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்?

மாசி பிறக்கும் முன்னே கண்மாய் வற்றிவிட்டது. படகு சேற்றில் குந்தியது. அடுத்த இரண்டு வருஷமும் வானம் கையை விரித்தது. மோட்டாரைக் கழற்றி, விற்ற ஆளுக்கே பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. படகு கம்பெனியின் பின்சுவரோரம் தகரக் கொட்டகையில் ஓணான்களுக்கு வீடானது. அதனடியில் மிஞ்சிக் கிடந்தது இரண்டு டின் எண்ணெய்.

இரண்டு வருஷம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. பாகிஸ்தானோடு சண்டை நடந்து நின்ற வருஷம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெடிமருந்து இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வெடிமருந்து புழங்குகிற இடத்தில் கணக்கில் இல்லாத எண்ணெய் டின் இருந்தால் லைசென்ஸுக்கே உலை. கணக்கப்பிள்ளை பெத்தணன் கடிதம் வந்த கையோடு கொட்டகைக்கு ஓடினார். முதலாளியின் கார் டிரைவர் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, படகு எஞ்சினுக்கு ஆனது கார் எஞ்சினுக்கும் ஆகும் என்ற நினைப்பில் அந்த எண்ணெயைக் காரில் ஊற்றிவிடச் சொன்னார்.

"அய்யய்யோ, அது நாள்பட்ட எண்ணெய் அண்ணாச்சி. ஊத்துனா எஞ்சின் அடைச்சுக்கிடும். புது வண்டி. மொதலாளி என்னய உரிச்சிருவாக," என்றார் மொக்கைச்சாமி.

பெத்தணன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தனக்குத் தெரியாததையும் தெரிந்ததாகவே நினைக்கிற சுபாவம். தூத்துக்குடியில் ஒருமுறை மண்ணெண்ணெயில் ஓடுகிற படகைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து, படகு என்றால் மண்ணெண்ணெயில்தான் ஓடும் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. சண்டையில் மண்ணெண்ணெய்க்கு வந்த பஞ்சமோ சொல்லி மாளாது. ரேஷன் கடையில் விடிவதற்கு முன் பாட்டிலை வரிசையில் வைத்தால் மத்தியானம் பாதிப் பாட்டில் கிடைக்கும். பல நாள் அதுவும் இல்லை. அப்படியானால் இந்த எண்ணெயை வேலைக்காரப் பெண்களுக்குத் தீபாவளி இனாமாகக் கொடுத்துவிட்டால் என்ன? டின்னும் ஒழியும், புண்ணியமும் சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கும் மனசு குளிர்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் செய்தி ஷெட்டுக்கு ஷெட் பரவியது. பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பகலில்தான் பட்டாசு வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தீப்பெட்டி வேலை இருக்கிறது. மரச் சட்டங்களில் தீக்குச்சி அடுக்குவார்கள், காகிதப் பெட்டி ஒட்டுவார்கள். அதற்கு விளக்கு வேண்டும். ஒன்றரை மாதமாக, அவர்கள் குடியிருக்கிற தெற்குத் தெருவில் பாதி வீடு பொழுதோடு இருண்டு போகிறது. அந்த வீடுகளில் அடுக்கிய சட்டம் முகட்டைத் தொடும். ஒட்டிய பெட்டி மூலை முழுக்கக் குவிந்து கிடக்கும். அதற்கு நடுவில்தான் பிள்ளைகள் படுத்துத் தூங்கும்.

கங்காணி சுப்புத்தாயை அழைத்து, "நீயே அளந்து ஊத்திரு தாயி. ஒன் கைன்னா சண்டை வராது," என்றார் பெத்தணன்.

சுப்புத்தாய்க்கு நாற்பது வயது. புருஷன் லாரியோடு போய் லாரியோடு வருகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இருபது வருஷமாகப் பட்டாசு மருந்தில் புழங்கி, வெள்ளித்தூள் ஏறிய கை. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவாள். அதற்காகவே கங்காணி ஆனாள், அதற்காகவே திட்டும் வாங்கினாள். அவள் வீட்டு விளக்கும் நாலு நாளாகக் காய்ந்துதான் கிடந்தது. எல்லாரையும் போல அவளும் சந்தோஷமாகத்தான் புனலைக் கையில் எடுத்தாள்.

சாயங்காலம் நாலு மணி. பெண்கள் பாட்டிலோடு வரிசையாக நின்றார்கள். ஏழெட்டுப் பாட்டில் ஊற்றியிருப்பாள். அப்போதுதான் அவள் கை நின்றது. வாடை சரியில்லை. மண்ணெண்ணெய் வாடைக்குள் புளித்துப்போன ஏதோ ஒரு வாடை கலந்து மூக்கில் ஏறியது. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி பறந்துபோய், பிசுக்கு மட்டும் மிஞ்சியது. மண்ணெண்ணெய் இப்படிப் பறக்காது. துடைத்தாலும் போகாமல் நின்று உயிரை எடுக்கிற சாமான் அது.

புனலைக் கீழே வைத்துவிட்டு, காரைத் துடைத்துக்கொண்டிருந்த மொக்கைச்சாமியிடம் போனாள்.

"ஏன்ணே, அது என்ன எண்ணெய்?"

மொக்கைச்சாமி அக்கம்பக்கம் பார்த்தார். "பெட்ரோல்தான் தாயி. எஞ்சின் ஆயில் கலந்தது. அந்தப் படகுக்கு அப்படித்தான் ஊத்தணும். நான் சொன்னேன்னு சொல்லிராத. பிள்ளகுட்டிக்காரன்."

"தெருவுல இருக்கிறவுகளுக்குப் பிள்ளகுட்டி இல்லையாண்ணே?" என்றாள் சுப்புத்தாய். அவர் காரின் மறுபக்கம் போய், துடைத்த இடத்தையே துடைக்க ஆரம்பித்தார்.

பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் சுப்புத்தாயிடம் கோபம்தான் முதலில் வாயைத் திறக்கும். வரிசைக்குத் திரும்பி வந்தவள் டின்னின் மூடியைத் திருகி மூடினாள்.

"ஒருத்தியும் வாங்கக் கூடாது. வாங்குனவ அங்கனயே நில்லுங்க. வீட்டுக்குக் கொண்டு போகாதீக."

"ஏன்க்கா?"

"இது மண்ணெண்ணெய் இல்ல. பெட்ரோலு."

வரிசையில் முன்னால் நின்ற பொன்னுத்தங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. அவள் பாட்டில் இன்னும் காலி. வீட்டில் ஒட்டாமல் கிடக்கிற பெட்டி ஆயிரம், நாளைக் காலையில் ஏஜெண்டு வந்து நிற்பான். "ஒனக்கு எப்படித் தெரியும்? கணக்கப்பிள்ளைக்குத் தெரியாததா? கைக்கு வந்தத வாய்க்கு எட்டாமப் பண்ண வந்துட்டா. எங்க வீடு இருண்டு கெடந்தா ஒனக்கென்ன?"

"எங்க வீடும் இருண்டுதான் கெடக்கு. எரிஞ்சு போறதுக்கு இருண்டு கெடக்கலாம்."

பெத்தணன் முகம் சிவந்தது. நல்லது செய்யப் போன இடத்தில் இப்படி ஒரு பேச்சு. "என்ன சுப்புத்தாயி, தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறியாக்கும்?"

"மாடுன்னா பாக்க வேண்டாம் அண்ணாச்சி. பாம்புன்னா பல்லத்தான மொதல்ல பாக்கணும்?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஆபீஸ் அறைக்குள் இருந்த சீனிவாசகத்தை வெளியே வரவழைத்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மடித்த பேப்பர். வந்து நின்றதும் சத்தம் அடங்கியது. பெத்தணன் நடந்ததைத் தன் பங்குக்கு உப்புக்காரம் சேர்த்துச் சொன்னார்.

"படகு எண்ணெய் மண்ணெண்ணெய்தான்னு கணக்கப்பிள்ள சொல்றாருல்ல?" என்றார் முதலாளி.

"அப்படின்னா மொதத் திரி நீங்க வைங்க மொதலாளி."

மொதத் திரி என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். சீனிவாசகத்தின் அப்பா காலத்தில் ஏற்பட்டது. புது மருந்துக் கலவையில் எந்தப் பட்டாசு செய்தாலும், முதல் உருப்படியைப் பின்பக்கப் பொட்டலில் வைத்து முதலாளி தன் கையால் பற்ற வைக்க வேண்டும். அது ஒழுங்காக வெடித்த பிறகுதான் பெண்கள் அடுத்ததைத் தொடுவார்கள். தன் கை போகாத இடத்துக்கு வேலைக்காரி கையை அனுப்பக் கூடாது என்று பெரியவர் போட்ட சட்டம். சீனிவாசகமும் அதில் இதுவரை பிசகியதில்லை. சீசனில் அவசரத்துக்குக்கூடப் பிசகியதில்லை. ஆனால் அது பட்டாசுக்கு. விளக்குக்கு ஊற்றுகிற ஒரு பாட்டில் எண்ணெய்க்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவாள் என்று யார் கண்டது?

"வெளக்குக்கு ஊத்துற எண்ணெய்க்கு எதுக்கு மொதத் திரி?" என்றார்.

"எங்க கையால பத்த வைக்கிற எதுக்கும் உண்டு. இல்லாட்டி ஒண்ணு செய்யுங்க. அந்த டின்ன ஒங்க கார்ல ஊத்தி, சிவகாசி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. அப்புறம் வாங்கிக்கிடுதோம்."

பெத்தணன் குறுக்கே விழுந்தார். "கார்ல ஊத்துனா எஞ்சின் கெட்டுப்போகும்னு டிரைவரே சொல்லிட்டான். வெவரம் தெரியாமப் பேசாத."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சுப்புத்தாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"எஞ்சினுக்கு ஆகாது. எங்க வீட்டுக்கு ஆகும். அப்படித்தான அண்ணாச்சி?"

சீனிவாசகத்தின் காது நுனி வரை சூடேறியது. அவர் கஞ்சர் இல்லை, கொடுமைக்காரர் இல்லை. தர்மவான் என்று பேர் எடுத்தவர். அந்தப் பேரில் கை வைத்தால் தாங்க மாட்டார். "எடுறா ஒரு வெளக்க," என்று வாட்ச்மேனுக்குக் கத்தினார். "எல்லாரும் பொட்டலுக்கு வாங்க. நானே பத்த வைக்கிறேன். ஒழுங்கா எரிஞ்சா, இவ நாளைக்குக் கங்காணி இல்ல."

பொட்டலில் ஒரு கல்லின் மேல் வாட்ச்மேனுடைய சிம்னி விளக்கை வைத்தார்கள். பெத்தணன் எண்ணெய் ஊற்றினார். அவசரத்தில் விளக்கின் வெளிப்பக்கமும் வழிந்தது. பெண்கள் இருபதடி தள்ளி வட்டமாக நின்றார்கள். அது அவர்களுக்குப் பழக்கம். ராக்கெட்டுக்குக் கொள்ளி வைக்கிற நீளமான மூங்கில் குச்சியில் கொளுத்திய ஊதுவத்தியைக் கட்டிக்கொண்டு சுப்புத்தாய் முன்னால் வந்தாள். "இத வச்சுப் பத்த வைங்க மொதலாளி. தள்ளி நின்னு."

"வீட்டுல நீங்க மூங்கில்லயா வெளக்குப் பொருத்துறீக?" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பெண்கள் வீட்டில் ஒட்டுகிற பெட்டிதான். விளக்கின் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு, விளக்கை எப்படிப் பொருத்துவார்களோ அப்படியே முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார்.

சுப்புத்தாய்க்கு நின்று யோசிக்க நேரமில்லை. பற்ற வைக்கட்டும், அப்போது தெரியும் என்று ஒரு நொடி மனசுக்குள் கருவினாள். பொய் சொல்வானேன், கருவத்தான் செய்தாள். அடுத்த நொடி அந்த முகம் எரிவதை அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. தீப்பெட்டி எகிறிப் போய் விழுந்து குச்சிகள் சிதறின.

இருபது வருஷத்தில் அந்தக் கம்பெனியில் முதலாளியின் கையை யாரும் தொட்டதுகூட இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சீனிவாசகம் தன் மணிக்கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறக்கும் முன் அவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அவளும் தள்ளி நின்று, ஊதுவத்தியில் காகிதத் துண்டைச் சுற்றிக் கொளுத்தி, மூங்கிலை நீட்டினாள்.

திரியில் படும் முன்னாலேயே பக்கென்று பிடித்தது. ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. விளக்கின் மூடி தெறித்தது. வழிந்த எண்ணெய் கல்லைச் சுற்றி ஓடி ஓடி எரிந்தது. முதலாளி முகம் வைத்திருந்த இடத்தில் ஒரு நிமிஷம் நெருப்பு மட்டும் நின்றது. பிறகு கரும்புகை.

முதலில் அசைந்தது பொன்னுத்தங்கம். ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் கையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாகப் பிடுங்கிக்கொண்டு போய் டின்னிலேயே கவிழ்த்தாள். கடைசிப் பாட்டிலைக் கவிழ்க்கும்போது அழுதாள்.

"இப்ப இத என்னதான் செய்ய?" என்றார் பெத்தணன். "காலையில அவுக வந்துருவாக. கண்மாய் ஓடையில கொட்டிருவமா?"

"ஆடு மாடு வாய் வைக்கிற ஓட. நாங்க துணி அலசுற ஓட. கொட்டித்தான் பாருங்களேன்," என்றாள் சுப்புத்தாய்.

மொக்கைச்சாமிக்கு இப்போதுதான் வாய் வந்தது. "நல்ல பெட்ரோல் பத்துப் பங்குக்கு இது ஒரு பங்குன்னு கலந்து கார்லயே ஓட்டிரலாம் மொதலாளி. மெதுவா, ரெண்டு மூணு மாசத்துல தீந்துரும். அதுவரைக்கும் டின்னு ஒங்க வீட்டுத் தோட்டத்துல, மனுஷ நடமாட்டம் இல்லாத இடத்துல, நெழல்ல இருக்கட்டும்."

"செய்," என்றார் சீனிவாசகம். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் போயிருந்தால் பெரிய மனுஷனாகவே போயிருப்பார். நாற்பது பேர் முன்னால் வாங்கிய அடி அவரை விடவில்லை. காரில் ஏறும்போது பெத்தணனிடம் சொன்னார்: "மொதலாளி கைய அடிச்சவ மன்னிப்புக் கேக்காம உள்ள வரக் கூடாது."

அன்று பொழுதோடு தெற்குத் தெரு இருண்டது. வாசல்களில் உட்கார்ந்து, இருட்டோடு இருட்டாகப் பெண்கள் கையால் தடவியே பெட்டி ஒட்டினார்கள். இரண்டு பேர் சுப்புத்தாயிடம் வந்து, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, நாக்கு தேய்ந்தா போகும் என்றார்கள். அவளுக்கும் பயம்தான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் எதற்கு மன்னிப்பு? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. செய்த தப்புக்குக் கேட்கலாம். செய்யாமல் விட்டிருந்தால் தப்பாயிருக்கும் ஒன்றைச் செய்ததற்கு எப்படிக் கேட்பது?

அதே நேரத்தில் முதலாளி வீட்டில் பெத்தணன் இன்னொரு புத்திசாலித்தனம் செய்துகொண்டிருந்தார். டின் தோட்டத்தில் இருப்பதும் ஆபத்து, இன்ஸ்பெக்டர் ஒருவேளை வீட்டுக்கும் வந்து பார்த்தால் என்னாவது என்று அவருக்குப் பயம். பத்துப் பங்கு, ஒரு பங்கு என்று டிரைவர் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்திருந்தது. கலக்க வேண்டும், அவ்வளவுதானே? காரின் டேங்க்கில் அடியில் கொஞ்சம் நல்ல பெட்ரோல் கிடந்தது. மொக்கைச்சாமி சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டு டின்னையும் அதன் மேல் ஊற்றி நிரப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை சுப்புத்தாய் எப்போதும் போலத் தூக்குவாளியோடு கம்பெனி வாசலுக்கு வந்தாள். பெத்தணன் கேட்டை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் போகலாம், அவள் போகக் கூடாது. அவள் சண்டை போடவில்லை. கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். பொன்னுத்தங்கமும் போய் அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். ஒருத்தி செருப்பு வாரைச் சரி பண்ணினாள், ஒருத்தி பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தோமா என்று யோசித்தாள். வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே மட்டும் யாரும் போகவில்லை.

எட்டரை மணிக்கு ரோட்டில் கார் வருவது தெரிந்தது. கார் தெரிவதற்கு முன் புகை தெரிந்தது. நீலப் புகை. கார் இருமியது, நின்றது, குலுங்கியது, மறுபடி நகர்ந்தது. கேட்டை நோக்கித் திரும்பிய திருப்பத்தில் ஒரு பெரிய கமறல் கமறி, வாசலை அடைத்துக் குறுக்கே நின்றுவிட்டது. மொக்கைச்சாமி சாவியைத் திருகு திருகென்று திருகினார். எஞ்சின் உயிர் விட்டிருந்தது.

சீனிவாசகம் இறங்கினார். மணி பார்த்தார். ஒன்பதுக்கு இன்ஸ்பெக்டர். நிற்பதோ புகை கக்கிச் செத்த கார், டேங்க் நிறையக் கெட்ட பெட்ரோல், பட்டாசுக் கம்பெனி வாசலில். உள்ளே தள்ளி ஆபீஸ் ஓரம் நிறுத்திவிட்டால் அது வெறும் முதலாளி கார், யாரும் டேங்க்கைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மொக்கைச்சாமியும் பெத்தணனும் வாட்ச்மேனும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். முன் சக்கரம் வாசல் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அம்பாசிடர் அசைவேனா என்றது. உள்ளே ஆண்கள் மருந்துக் கலவையில் இருந்தார்கள். கலவையை நடுவில் விட்டு வர முடியாது. மீதி இருந்தது வேப்பமரத்தடியில் நின்ற நாற்பது பெண்கள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? வந்து தள்ளுங்க," என்றார் பெத்தணன். பெண்கள் சுப்புத்தாயைப் பார்த்தார்கள். சுப்புத்தாய் ரோட்டைப் பார்த்தாள்.

சீனிவாசகம் அவள் முன்னால் வந்து நின்றார். மணிக்கட்டில் லேசாக வீக்கம் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வா. எல்லாத்தையும் மறந்துருவோம்."

"ஒங்க மொகம் வெந்திருந்தாக் கேட்டிருப்பேன் மொதலாளி. தட்டாம விட்டுட்டேனேன்னு."

அவர் கை தன்னையறியாமல் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. சிவகாசிப் பக்கம் ரோட்டில் தூசி கிளம்பியது. ஜீப்பாக இருக்கலாம், பஸ்ஸாகவும் இருக்கலாம். பெத்தணன் எட்டி எட்டிப் பார்த்து, "ஜீப்புதான், ஜீப்புதான்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"என்னதான் வேணுங்குற?" என்றார் முதலாளி.

"நேத்துக் கவுத்துன பாட்டிலு, காலியா வந்த பாட்டிலு, அம்புட்டுக்கும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நல்ல மண்ணெண்ணெய். எங்கன வாங்குவீகளோ, எப்படி வாங்குவீகளோ. ஒங்களுக்குக் கெடைக்கும்."

"சரி. கெடைக்கும். தள்ளச் சொல்லு."

"யாரு சொல்ல?"

"நீதான் சொல்லணும்."

"நான் சொன்னா எப்படித் தள்ளுவாக? நான் வேலையில இல்லாதவ. கங்காணி சொன்னாத்தான தள்ளுவாக?"

பொன்னுத்தங்கம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தூசி கிட்டே வந்தது. ஹாரன் சத்தம் கேட்டது. சீனிவாசகம் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் சுப்புத்தாயை நேராகப் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கங்காணி," என்றார். "தள்ளச் சொல்லு."

"கணக்கப்பிள்ளைக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு தாயி, கேட்டுச்சு!" என்று பெத்தணன் கேட்டை இரண்டு கையாலும் விரியத் திறந்தார்.

சுப்புத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏட்டி, வாங்கடி. ஆளுக்கொரு கை குடுங்க."

நாற்பது பேர் கை பட்டதும் அம்பாசிடர் பள்ளத்தை விட்டு எழுந்தது. எழுந்த வேகத்தில் கேட்டைத் தாண்டியது. அதன் முதுகில் வைத்த கையை எடுக்காமலே, கங்காணி சுப்புத்தாயும் கூடவே உள்ளே போனாள்.